அரை விரற்கடை

காகிதம் பறக்காமலிருக்க என் மேசைமேல் ஓர் இரும்பு வளையம் வைத்திருக்கிறேன். நாலு விரற்கடை உயரம், கையால் வளைத்துப் பிடிக்கிற பருமன். ரம்பத்தால் அறுத்த பக்கம் கொஞ்சம் கோணலாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் உலக்கைப் பூண் என்று நினைத்துக்கொள்வார்கள். பூண் இவ்வளவு கனக்காது. இது ஒரு ஜீப்பின் வயிற்றுக்கடியில் சுழன்றுகொண்டிருந்த தண்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. வெட்டியவர் அந்த ஜீப்பின் டிரைவர்; நாங்கள் எல்லோரும் பிரெஞ்சுப் பழக்கத்தில் ஷோஃபர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை.

முத்தியால்பேட்டையைத் தாண்டி ஒரு சின்னப் பிரசவ விடுதி. ஆறு கட்டில். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு மூன்று மழைக்காலம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தாறு வயது. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் கட்டில்களும் மருந்தலமாரியும் அந்த ஜீப்பும் என் பொறுப்பு. பொறுப்பு என்ற சொல் அந்த வயதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரையும் அதட்டுவேன். என்னைவிட இருபது வயது மூத்த ஷோஃபரையும் அதட்டுவேன். அவர் “வுய், நர்சம்மா” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். பிரெஞ்சுக்காரர்களின் பட்டறையில் தொழில் பழகியவர். வண்டியின் உறுப்புகளுக்கெல்லாம் அவர் வாயில் பிரெஞ்சுப் பெயர்தான்.

ஜீப் சண்டைக்காலத்து வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். பிள்ளைச்சாவடிப் பக்கத்து மணலுக்கும் மழைச் சேற்றுக்கும் அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. அந்த ஆண்டு ஆவணியில் அதன் கியர் பெட்டி பல் உடைந்து போயிற்று. மாற்றுச் சாமான் வந்துகொண்டிருந்த கப்பலே நின்றுபோயிருந்தது. இரண்டு மாதம் வண்டி வேப்பமரத்தடியில் கிடந்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒருத்தியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. ஷோஃபர் அந்த மாட்டு வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாளே மெட்ராசுக்குப் போய், பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து, வேறு ஏதோ வண்டியின் கியர் பெட்டி ஒன்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பெட்டி பொருந்தியது. ஆனால் பழையதைவிட நாலு விரற்கடை நீளம். அதனால் என்ன, என்று கேட்டேன். அவர் தரையில் குந்தி, கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினார். கியர் பெட்டியிலிருந்து பின்சக்கர அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு ஒன்று உண்டு. அவர் அதைக் கர்தான் என்பார். பெட்டி நீண்டுவிட்டதால் பின்னால் இடம் குறைந்துவிட்டது. பின் கர்தானை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். முன்சக்கரத்துக்குப் போகிற கர்தான் எட்டாது. அதை நீட்ட வேண்டும். பின்னால் வெட்டுகிற துண்டை முன்னால் ஒட்டிவிட்டால் முடிந்ததே என்றேன், பெரிய கண்டுபிடிப்பு போல. அவர் சிரிக்கவில்லை. “ஒட்டுன மேல ஒட்டு போட்டா சுத்துறப்ப உதறும் நர்சம்மா. அதுக்குப் புதுக் குழாதான்” என்றார். அப்படித்தான் இந்த வளையம் மிஞ்சியது. கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ரெட்டியார்பாளையத்திலிருந்து வெல்டிங்காரர் வந்தார். சாயங்காலத்துக்குள் வேலை முடிய வேண்டும்; மறுநாள் அவர் பட்டறையிலும் பூஜை, அதன் பிறகு மூன்று நாள் ஊரில் இருக்கமாட்டார். முன் கர்தான் முடிந்தது. பின் கர்தானைப் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, வண்டியில் மாட்டி, பனந்துண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியைத் தரையில் இறக்கினார்கள். ஷோஃபர் அடியில் படுத்து விரல் வைத்துப் பார்த்தார். அந்தத் தண்டு ஒரே குழாய் அல்ல. குழாய்க்குள் குழாய் நுழைந்து முன்னும் பின்னும் நகர வேண்டும், சுமை ஏறி அச்சு மேலே வரும்போது ஒதுங்க இடம் வேண்டுமே, அதற்காக. அந்த இடம் ஒரு விரல் இருந்தது.

“காலி வண்டிக்கு இது போதும். ஆள் ஏறினா பத்தாது போல இருக்கு. ஒரு ஆறு பேர ஏத்தி உக்கார வெச்சிப் பாத்துட்டா தெரிஞ்சிடும் நர்சம்மா. பத்தலன்னா இன்னும் அரை விரல் வெட்டிட்டு ஒரேயடியா ஒட்டிடலாம்” என்றார்.

ஆள் இல்லாமலில்லை. நோயாளிகளோடு வந்த பெண்கள் எட்டுப் பத்துப் பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் முடியாது என்றேன். இரண்டு மாதம் செத்துக் கிடந்து எழுந்திருக்கிற வண்டி. பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காமல் அதில் யார் ஏறுவார்கள்? அதுவும் பிள்ளைத்தாச்சிகளோடு வந்தவர்களை ஏற்றச் சொன்னால் ஊர் என்ன பேசும்?

“சரி, நாலு மூட்டை மணலாவது போட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டார்.

மத்தியானம் முழுக்க நானும் ஆயம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வண்டியைக் கழுவியிருந்தோம். இருக்கைக்குக் கீழே கூட ஒரு மணல் துகள் இல்லாமல் துடைத்து, சந்தனப் பொட்டு வைக்க இடம் பார்த்து வைத்திருந்தேன். “கழுவி வெச்ச வண்டியில மண்ணக் கொட்றதா? ஒரு விரல் இருக்கில்ல, அது போதும். ஒட்டச் சொல்லுங்க” என்றேன். ஷோஃபர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வெல்டிங்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வுய், நர்சம்மா” என்றார் ஷோஃபர். கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்? பத்து எட்டு நடந்தால் மணல். இதை எத்தனை ஆயிரம் தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் பூஜை தடபுடலாக நடந்தது. ஜீப்புக்கு மாலை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஷோஃபர் தன் ஸ்பானர்களையும் சுத்தியலையும், இருக்கைக்கடியில் எப்போதும் கிடக்கிற சாமான் பையையும் சேர்த்து அம்மன் படத்துக்கு முன்னால் பரப்பிப் பொட்டு வைத்தார். அன்று முழுக்க ஆயுதத்தைத் தொடக்கூடாது. பொரிகடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளைச்சாவடியிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவருடைய பெண்சாதிக்குத் தலைப்பிரசவம். விடியற்காலையிலிருந்து வலி. குழந்தையின் கை மட்டும் வெளியே வந்துவிட்டது.

குறுக்கே கிடக்கிற குழந்தை. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போகும்போது வண்டியில் மூன்றே பேர். மணலில் வெண்ணெயாகப் போயிற்று. ஷோஃபர் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. திரும்பும்போது அந்தப் பெண், அவள் அம்மா, நாத்தனார், புருஷன், நான், ஷோஃபர். ஆறு பேர். அவர் முதல் நாள் கேட்ட அதே ஆறு பேர். அந்தப் பெண்ணின் தலை என் மடியில் இருந்தது. ஊர் எல்லை தாண்டி ஒரு மதகு, அதையடுத்து ஒரு பள்ளம். வண்டி பள்ளத்தில் இறங்கி அமுங்கியதும் அடியில் இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் கேட்டது. இரண்டு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது.

ஷோஃபர் அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார். முகம் செத்திருந்தது. “கர்தான் முட்டிடுச்சி. பெட்டியோட பின்மூடி உடைஞ்சி எண்ணெய் ஒழுவுது. பின்னால கர்தானக் கழட்டிப் போட்டுட்டா முன்சக்கரம் இழுத்துக்கினு போயிடும். எட்டே எட்டு நட்டுதான்” என்று சொல்லிக்கொண்டே இருக்கைக்கடியில் கையை விட்டார். கை அங்கேயே நின்றது. பை அம்மன் காலடியில் இருந்தது.

கல்லால் தட்டினார். கையால் திருகினார், விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பிறகு மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். நாற்பத்தாறு வயது மனிதர் அந்த மணலில் ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு மைல் தள்ளி ஒரு சைக்கிள் கடை. கடை பூட்டியிருக்க, வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் பூஜைதான். சைக்கிள் கடைக்காரர் தயங்கியதாகவும், அவருடைய வீட்டம்மா, “எடுத்துக் குடுய்யா, அம்மா பொறுத்துக்குவா” என்று கற்பூரத் தட்டைத் தள்ளிவிட்டு ஸ்பானரை எடுத்துக் கொடுத்ததாகவும் பிறகு சொன்னார். அந்த ஸ்பானரில் குங்குமம் ஈரமாக இருந்தது.

அவர் வருகிறவரை நான் மரக் குழலை அந்தப் பெண்ணின் வயிற்றில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்ய முடியவில்லை. வண்டி நின்றபோது குழந்தையின் இதயம் நன்றாக அடித்தது. பிறகு மெதுவாகியது. ஒரு தடவை வேகமாக அடித்தது, ஓடுகிறாற்போல. பிறகு இடைவெளி விட்டு விட்டு. அவளுடைய அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் என் முகத்தை நான் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூரத்தில் ஷோஃபர் திரும்பி ஓடிவருவது தெரிந்தது. அப்போது குழலில் ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. தாயையாவது காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

எட்டு நட்டையும் கழற்றினார். கர்தானை உருவி ஓரமாக எறிந்தார். முன்சக்கரங்கள் மட்டும் இழுக்க, வழியெல்லாம் எண்ணெய் சிந்திக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அவள் பிழைத்தாள். கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இறந்தது ஆண் குழந்தை.

அடுத்த வாரம் விசாரணைக்கு மேலதிகாரி வந்தார். டாக்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஷோஃபர். “ஒட்டுவதற்கு முன்னால் சுமை ஏற்றிப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“இல்ல முசியே.”

“ஏன்?”

“எனக்குத் தோணல.”

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவிக்கொத்து என் இடுப்பில் கனத்தது. வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் போதும். நான் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்; அதைவிட, அந்தப் பெண்ணின் வீட்டார் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் காதில் விழுந்துவிடும் என்ற பயம். ஷோஃபரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். போவதற்கு முன்னால் எறிந்த கர்தானை எடுத்துவந்து, அதில் இன்னும் அரை விரல் வெட்டி, ஒட்டி, பன்னிரண்டு மூட்டை மணல் ஏற்றிப் பார்த்து, வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனார். அது அதன்பிறகு பல வருஷம் ஓடியது. அவர் அரியாங்குப்பத்தில் தன் வீட்டோடு இருந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பம். நான் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

ஆனால் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். வருஷக்கணக்காக வந்தாள். மீன்கூடை சுமந்து டவுனுக்கு வருகிறவள் என் வீட்டு வாசலில்தான் முதலில் கூடையை இறக்குவாள். எனக்கென்று நல்ல மீனாக எடுத்து வைப்பாள். உயிரைக் காப்பாற்றியவள் நான் என்று எண்ணம். “அளக்கத் தெரியாத பாவி கையில வண்டியக் குடுத்தாங்களே நர்சம்மா. எம்புள்ள இருந்தா இப்போ வலை இழுப்பான்” என்பாள். நான் மீனைக் கழுவிக்கொண்டிருப்பேன். போகும்போது, “கூடைய ஒரு கை தூக்கி வுடு நர்சம்மா” என்பாள். தூக்கிவிடுவேன்.

ஷோஃபர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு மெல்லிய இரும்பு வளையம், அரை விரற்கடை. “கடைசி வரைக்கும் தலமாட்டுலயே வெச்சிருந்தாரு. இத நர்சம்மாகிட்ட குடுத்துடுன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல” என்றார். காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை மீன்கூடை வந்ததும் அவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு பேரை ஏற்றிப் பார்க்கலாம் என்று அவர் கேட்டதை, மணலாவது போடட்டுமா என்று கேட்டதை, கழுவின வண்டி என்று நான் மறுத்ததை. எடுத்து வைத்த மீன் அவள் கையிலேயே இருந்தது. அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மீனைக் கூடைக்குள் திரும்பப் போட்டாள். எழுந்தாள். நான் கூடையைப் பிடிக்கக் குனிந்தேன். “வுடு” என்றாள். தெருவில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவரைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொல்லித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அப்புறம் எங்கள் தெருவுக்கே அவள் வரவில்லை.

இப்போது மேசையில் இரண்டு வளையம் இருக்கிறது. பெரியதைக் காகிதத்தின் மேல் வைக்கிறேன். சின்னதன் கீழ் காகிதம் நிற்காது, அத்தனை மெல்லிசு. சுண்டுவிரலால் தூக்கலாம்.