நடேசண்ணைக்கு நான் விற்ற பழைய பிரஸ்

1. பின் கவுண்டர்

துவக்குச் சூட்டுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவள் மொன்றியலில் துவக்குக் கடையில் வேலை பார்க்கிறாள் என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செயின்ட்-மிஷேலில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் பின் கவுண்டரில் பத்தொன்பது வருடம் நின்றேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அந்தக் கவுண்டரில் இனி நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொன்னதாலும், சொல்லாமல் விட்டதாலும் ஒரு மனிதரின் விரல்கள் போயின. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பின் கவுண்டர் என்றால் ரீலோடிங் கவுண்டர். சுட்டு முடிந்த பித்தளைக் கோதை எறியாமல், அதற்குள் புதிதாக வெடிமருந்து போட்டு, முனையில் சன்னமும் பூட்டி, மறுபடி சுடும் ரவையாக்குவதுதான் ரீலோடிங். குறி பார்த்துச் சுடும் கழகங்களில் இருப்பவர்கள் வீட்டில் வைத்தே செய்வார்கள். அதற்கு ஒரு பிரஸ் வேண்டும். டரட் பிரஸ் என்பது தலையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக டைகள் என்ற அச்சுகள் பூட்டிய பிரஸ். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் ஒரு வேலை முடியும். பிறகு தலை சுழன்று அடுத்த டை வரவேண்டும். பழைய பிரஸ்ஸில் அந்தத் தலையை நாம்தான் கையால் சுழற்ற வேண்டும். புதியதில் ஒவ்வொரு இழுப்புக்கும் அது தானாகச் சுழலும்.

பழையதா, புதியதா? வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். பழையது என்பேன் நான். வார்ப்பிரும்பு, அசையாது, ஆளைவிட அதிக நாள் இருக்கும். புதியதன் உடம்பு அலுமினியம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், அது தேய்ந்து உடையும். அந்த வளையம் வாங்க வருகிறவர்களிடம், "என்ன, பல்லு விழுந்திட்டுதோ?" என்று கேட்காமல் நான் விட்டதில்லை. முதலாளி லூக், "ரஞ்சி, நீ புருஷனை விட்டுவிட்டு இரும்பைக் கட்டியிருக்கலாம்" என்பார். வாய்க்கொழுப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

2. புஷ்பாக்கா சொன்னது

எங்கள் கடைக்கு வந்த தமிழர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் நடேசண்ணை. ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் லேத்தில் நின்றவர். ஓய்வுக்குப் பிறகு கழகத்தில் சேர்ந்து ரிவால்வர் சுடப் பழகினார். இலக்கு அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டுவார். இத்தனை வருடமும் கழக நண்பர் ஒருவரோடு சேர்ந்து, அந்த நண்பரின் பிரஸ்ஸில்தான் ரவை செய்தார். நண்பர் வேறு ஊருக்குப் போனதும் நடேசண்ணை தனக்கென்று ஒரு பிரஸ் வாங்க முடிவெடுத்தார்.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவருடைய மனைவி புஷ்பாக்கா தனியாக வந்தார். ஜான்-டலோன் சந்தைக்குப் போய்விட்டு வந்திருந்தார். பைகளைக் கவுண்டருக்குக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரஞ்சி, அவருக்கு ஞாபகம் கொஞ்சம் குறையுது. ரெண்டு தரம் அடுப்பை நிப்பாட்டாமல் விட்டிட்டார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டிட்டு, பேந்தும் போடுறார்."

"டொக்டரிட்டக் காட்டினியளோ அக்கா?"

"கதைச்சாலே பாயுறார். இந்த ரவை செய்யிற வேலையை விடச் சொன்னாலும் கேக்கிறாரில்லை. நீர் தானாச் சுத்துற மெசினைக் குடும். நான் வந்ததைச் சொல்லிப்போடாதையும்."

ஓம் என்றேன். அவரை பஸ் தரிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

3. கவுண்டரில்

சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆட்கள். நடேசண்ணை வந்தபோது கவுண்டரில் இரண்டு பிரஸ்கள் இருந்தன. ஒன்று பெட்டியில் வந்த புதியது. மற்றது இறந்துபோன ஒரு கிழவரின் வீட்டிலிருந்து லூக் வாங்கி வந்த பழையது. அதன் துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, தலையைத் தேர்முடி மாதிரி நிமிர்த்தி வைத்தவள் நான். மூன்று கிழமை வேலை.

நான் முதலில் புதியதைத்தான் காட்டினேன். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு தரம் இழுத்துக் காட்டினேன். தலை தானாகச் சுழன்றது.

"உது என்ன பிள்ளை, விளையாட்டுச் சாமானோ?" என்றார். உள்ளே கைவிட்டுத் தடவி, "பிளாஸ்டிக்" என்றார். பிறகு பழையதன் கைப்பிடியைப் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் மெசின். லேத் மாதிரி நிக்குது. உமக்கு எது பிடிக்கும், சொல்லும்."

பின்னால் கழகத்துக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். அவரோ என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஆம்பிளை. உங்களுக்கு மறதி வருகிறது அண்ணை, தானாகச் சுழல்வதை எடுங்கள் என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அப்படி யோசித்தேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. என் கையால் திருத்திய இரும்பை ஒருவர் தடவிப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பழையதுதான் அண்ணை" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பழைய பிரஸ்ஸோடு வந்த மருந்து அளவிக்குத் தனியாக ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால்தான் கோதுக்குள் மருந்து விழும். அவர் கேட்டார்: "ரெண்டு வேலை கரைச்சலா இருக்கு. ஒரே இழுவையில மருந்தும் விழச் செய்யேலாதோ?" செய்யலாம். புதிய வகை அளவி ஒன்றை அந்தத் தலையில் பொருத்திக் கொடுத்தேன். கோது மேலே வந்து முட்டினால் மருந்து தானாக விழும். தலை மட்டும் தானாகச் சுழலாது. அதாவது, சுழற்ற மறந்து இன்னொரு தரம் இழுத்தால் அதே கோதில் இரண்டாவது அளவும் விழும். அவருடைய ரவைக்குப் போடும் மருந்து கொஞ்சம்தான். இரண்டு அளவும் கோதுக்குள் அடங்கிவிடும், வழிந்து காட்டிக்கொடுக்காது.

"நடுவில யாரும் கூப்பிட்டால் கையில இருக்கிற கோதைக் கவிட்டுப்போட்டு முதல்ல இருந்து தொடங்குங்கோ அண்ணை" என்றேன்.

"எனக்கே சொல்லித் தாறீரோ?" என்று சிரித்தார். பிரஸ்ஸைக் காரின் பின்பக்கத்தில் இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள்.

4. நாற்பத்து மூன்று ரவைகள்

ஐந்து மாதம் கழித்து அது நடந்தது. அன்றைக்கு அவர் கழகத்தில் ஆறு ரவைகளைச் சுட்டு முடித்து ரிவால்வரை மறுபடி நிரப்பியிருக்கிறார். ஏழாவதில் ரிவால்வர் கையிலேயே வெடித்தது. வலது பெருவிரல் போனது, சுட்டுவிரலில் பாதி போனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பக்கத்து லேனில் நின்ற ஒரு பெண்ணின் கன்னத்தில் இரும்புத் துண்டு ஏறியது.

பெட்டியில் ஐம்பது ரவைகள் இருந்தன. மிஞ்சிய நாற்பத்து மூன்றையும் கழகத்தார் எங்கள் கடைக்கு அனுப்பி, பிரித்துப் பார்த்து எழுதித் தரும்படி கேட்டார்கள். லூக் பெட்டியை என் மேசையில் வைத்தார். "நீ பொருத்திக் கொடுத்தது. நீயே பார்" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒவ்வொன்றாகச் சன்னத்தைக் கழற்றி, மருந்தைத் தராசில் கொட்டினேன். பன்னிரண்டாவதில் தராசு இரண்டு மடங்கு காட்டியது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தேன். அதே எடை. முடிக்கும்போது இரண்டு மடங்கு மருந்து உள்ளவை மூன்று இருந்தன. ஒன்றில் மருந்தே இல்லை. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து அறிக்கை எழுதினேன். பிரஸ்ஸையும் அவர் வீட்டிலிருந்து எடுப்பித்துப் பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

அன்று பின்னேரமே புஷ்பாக்கா ரெலிபோன் எடுத்தார்.

"கிளப்புக்கு எழுதுறதை எழுதும். அவருக்கு மட்டும் பிரஸ் பழுதெண்டு சொல்லும் ரஞ்சி. தன்ர மூளை பழுதெண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் தாங்காது."

5. அவர் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை போனேன். நடேசண்ணை ஜன்னலோரம் இருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்திருந்தார். புஷ்பாக்கா குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும் பிள்ளை. பிரஸ்தானே?"

"ஓம் அண்ணை. பழைய சாமான்தானே, தேய்ஞ்சு போச்சு."

புஷ்பாக்கா பெருமூச்சு விட்டுத் தேத்தண்ணி போடப் போனார். நடேசண்ணையின் முகம் தெளிந்தது. எனக்கும் பாரம் இறங்கின மாதிரித்தான் இருந்தது. ஒரு நிமிடம்கூட அது நிற்கவில்லை.

"நான் நினைச்சனான். அப்ப அந்தப் புதுசை எடுத்து வையும். பிளாஸ்டிக் எண்டாலும் பரவாயில்லை. இடக்கையால பழகிறன். மருமோனும் கிளப்பில சேந்திட்டான், அவனுக்கும் நான்தான் ரவை செய்து குடுக்கப்போறன்."

புதிய பிரஸ் தலையைச் சுழற்றும். ஆனால் மருந்துப் பெட்டி வெறுமையாக இருப்பதை அது சொல்லாது. தவறான மருந்தை எடுத்து நிரப்பினாலும் சொல்லாது. அடுத்த தரம் பக்கத்தில் நிற்கப்போவது மருமகன்.

"அண்ணை, நான் இப்ப சொன்னது பொய்" என்றேன். "பிரஸ் நல்லாத்தான் இருக்கு. மருந்து ரெண்டு தரம் விழுந்திருக்கு. தானா விழுற அளவியைக் கையால சுத்துற பிரஸ்ஸில பூட்டித் தந்தது என்ர பிழை. சுத்தாமல் இழுத்தது நீங்கள்."

"எத்தினையில?"

"நாப்பத்து மூண்டில மூண்டு. இன்னொண்டில மருந்தே இல்லை."

அவர் லேத்தில் நின்றவர். நூறு உருப்படியில் எத்தனை பழுதானால் கை தவறியது, எத்தனை பழுதானால் ஆளில் பிழை என்று கணக்குத் தெரிந்தவர்.

"புஷ்பம்" என்று கூப்பிட்டார். "உமக்குத் தெரியுமோ?"

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு?"

"தெரியும் அண்ணை. நீங்கள் பிரஸ் வாங்க வர முன்னமே அக்கா சொன்னவ."

"அப்ப ஏன் பிள்ளை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

மரியாதைக்காக என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை, ஏனென்றால் அது மரியாதை இல்லை, பயம். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அவர் விரலும், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கன்னமும் போயின.

பழையதா, புதியதா என்று உங்களிடமும் கேட்பார்கள். இரும்பைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கேட்கிறவரைப் பாருங்கள். அவருக்கு இந்த வேலை இனிச் சரிவராது என்று தெரிந்தால், தனியாகக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஏசுவார், இனி உங்கள் கடைக்கே வரமாட்டார். வராமல் போகட்டும்.