எறும்புகள் தேடிய சீனி

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தொழிற்சாலைக் காவல்காரர் ஒருவர் சீனி வியாதிக்கு மருந்து வாங்க மாதாமாதம் வருவார். பழைய காக்கிக் கோட்டு, வெறுங்கால். தான் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று தினமும் காலையில் குந்தியிருந்து பார்ப்பார். அதுதான் அவருடைய சீனிப் பரிசோதனை.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதம் கவலையோடு கேட்டார்.

"எறும்பே வாறதில்லீங்க ஐயா. அந்தச் சீனியெல்லாம் எங்கங்க போச்சு?"

"ரத்தத்துல இருக்கிற சீனிய உள்ள விடச்சொல்லி இன்சுலின் கதவத் தட்டும். ஒங்க சதைக்கு அது சரியாக் கேக்கல. இந்த மாத்திர கேக்க வைக்குது. இப்ப சீனி சதைக்குள்ள போயிருது."

"அது எறும்புக்குத் தெரியாதுங்களே," என்றார்.

என் விளக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு சில மாதம் மருந்து வாங்க மகள்தான் வந்தாள். ஒருநாள் அவரே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். பெருவிரலுக்குக் கீழே ஆழமான புண். அதற்குள் எறும்புகள் போய் வந்துகொண்டிருந்தன. அவர் முகத்தில் வலியே இல்லை.

"இத ஏன் முன்னமே காட்டல?"

எறும்புகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொன்னதுதானுங்களே ஐயா. சதைக்குள்ள போன சீனிய அதுங்க கண்டுபிடிச்சிருச்சுங்க."