முதல் வண்டியின் படம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் பூமாலை கண்டக்டர். மனிதருக்குப் போட்டோப் பைத்தியம், அதைவிடக் கவிதைப் பைத்தியம். மலையேறும் முதல் வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் வண்டியை நிறுத்துவார். அந்த ஐந்து நிமிடத்தில் பூமாலை இறங்கி மூங்கிலையோ பனியையோ பாறைமேல் தலையாட்டும் ஓணானையோ செல்போனில் பிடித்து, அதற்கு நாலு வரியும் எழுதிவிடுவார். தினமும் வண்டியேறும் மலைக்காரர்களைச் சேர்த்து அவர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் படமும் கவிதையும் ஆறரைக்குப் போய்விடும். பிறகு எண் போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். இரண்டு வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை.

அனுப்பிய மாத்திரத்தில் நாற்பது பேர் பார்த்துவிடுவார்கள். ஒருவரும் பதில் போட்டதில்லை. ரசிகர்கள் அடக்கமானவர்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். மனைவி அமிர்தம் சிரிப்பாள்; அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் பிரேக் பழுதாகி வண்டி பட்டறையில் நின்றுவிட்டது. பூமாலை வீட்டில் இருந்தார். வண்டி போகாதது பெரிதாகத் தெரியவில்லை, வரிசை அறுந்துவிடுமே என்பதுதான் உறுத்தியது. பழைய படங்களைத் துழாவி ஒரு மூங்கிலை எடுத்தார். எழுதினார்:

மூங்கில் நுனியில் ஒரு துளி,
விழலாமா என்று யோசிக்கிறது.
நாங்கள் கடந்துபோன பிறகும்
யோசித்துக்கொண்டே இருக்கும்.

எழுநூற்றுப் பதினொன்று. வழக்கம்போல ஆறரைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தார்.

மூன்றாம் நாள் வண்டி ஓடியது. மலைமேல் நிறுத்தத்தில் காசியம்மாள் ஏறினாள். வாராவாரம் சங்கராபுரம் சந்தைக்குச் சாமை கொண்டுபோகிறவள். அன்று மூட்டை இல்லை. ஏன் சும்மா போகிறாள் என்று பூமாலை கேட்டார். அண்ணன் காரியத்துக்குப் போவதாகச் சொன்னாள். சாவுக்கே போய்ச் சேர முடியவில்லை என்றும் சொன்னாள். முந்தாநாள் காலை ஜீப்காரன் நிறுத்திக் கூப்பிட்டும் ஏறாமல், பஸ்ஸுக்காக மதியம்வரை நின்றாளாம். மதியம் வந்த வேறொரு வண்டியில் போய் இறங்குவதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஜீப்பில் ஏறியிருக்கலாமே என்றார் பூமாலை.

"நீதான படம் போட்ட தம்பி. படம் வந்துச்சின்னா வண்டி மலை ஏறிக்கினு கீதுன்னு அர்த்தம். எங்க ஊர்ல எல்லாரும் அதப் பாத்துதான் வூட்ட வுட்டுக் கெளம்புவோம்."

"கீழ எழுதியிருந்தத படிக்கலியாக்கா?"

"எனக்கு இன்னா படிக்கத் தெரியும்? படிச்சவங்களும் படம் வந்துச்சான்னுதான் பாப்பாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பூமாலைக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. கவிதையை யாரும் படிக்கவில்லை என்பதைவிட, வண்டி நிற்பது தெரிந்தும் அதைச் சொல்லத் தனக்குத் தோன்றவே இல்லையே என்பதுதான் சுட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

மறுநாளும் எழுதினார். விடமுடியவில்லை.

அடுத்த மாதம் வண்டியை வருஷாந்திர எஃப்.சி. சோதனைக்கு விட்டார்கள், நாலு நாள் ஓடாது. காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பூமாலை உட்கார்ந்திருந்தார். வாசல் முருங்கையில் ஒரு தேன்சிட்டு, படமெடுக்க வாகாக வந்து உட்கார்ந்தது. எடுத்தால் அனுப்பத் தோன்றும். எடுக்கவில்லை. நோட்டில் எழுநூற்று முப்பத்தொன்பது என்று எண் போட்டவர், அதற்குமேல் எழுதாமல் மூடிவைத்தார். பிறகு குழுவைத் திறந்து, கூச்சத்தோடு தன் குரலைப் பதிந்தார்.

"பூமாலை பேசறேன். இன்னிக்கிலேந்து நாலு நாளைக்கு வண்டி வராது. ஜீப்ல போயிடுங்க."

ஆறரைக்கு அது போனது. இரண்டு வருஷத்தில் முதன்முறையாக அந்தக் குழுவிலிருந்து பதில் வந்தது. காசியம்மாளின் குரல்.

"சரி தம்பி. கேட்டுட்டோம்."

பூமாலை அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.