கடைசியா பாஸ்டர்

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, மறுநாள் ஆராதனைக்கு உடுத்த வேண்டிய வெள்ளை அங்கியைத் தேய்த்துக்கொண்டே பாஸ்டர் உலகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கழுத்துப்பட்டிக்கு ஒரு திட்டு, கைக்கு ஒரு திட்டு. வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு துணிமேல் புஸ்ஸென்று தெளிக்கும் நேரத்தில் மட்டும் உலகத்துக்குக் கொஞ்சம் ஓய்வு.

"செல்போன்ல சார்ஜ் இறங்குனா மனுஷன் பதறுறான். ஜெபம் பண்ணாம மாசக்கணக்கா இருக்கான், அதுக்கு ஒரு பதற்றமும் கிடையாது."

"துணி கருகுது. ஜனங்கள அப்புறம் பாத்துக்கலாம்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பாஸ்டரம்மா அறுவைசிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

பாஸ்டருக்கு அறுபது தாண்டிவிட்டது. நெட்டையான உடம்பு, முன்பக்கம் சற்றே வளைந்திருக்கும். நடந்து நடந்து செருப்பின் இடது குதி மட்டும் தேய்ந்திருக்கும். பைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பழைய பட்டன் போன். விசுவாசிகளின் வீடுகளுக்கு நடந்தேதான் போவார். "எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுல மனுஷன் கடிப்பான்னு எனக்கு அத்துப்படி. நாய் எவ்வளவோ மேல், முதல்ல குரைச்சுக் காட்டும்" என்பார்.

சபையில் அவருக்கு 'கடைசியா பாஸ்டர்' என்று பெயர். பிரசங்கத்தின் நடுவே, "கடைசியாக ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன்" என்பார். ஜனங்கள் செருப்பைத் தேடிக் காலால் துழாவத் தொடங்குவார்கள். அந்தக் கடைசிக்குப் பின்னால் இன்னொரு கடைசி வரும், அதற்கும் பின்னால் ஒன்று வரும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால்தான் உண்மையான கடைசி. அது வீட்டில் பேசி வைத்துக்கொண்ட ஜாடை.

சபைக்குக் கேமரா வந்தது முதல் அவருடைய கசப்பு இரண்டு மடங்காகிவிட்டது. "வீட்டுல உக்காந்தே ஆராதனை பாக்குறாங்க, பல்லு தேய்ச்சுக்கிட்டே பாவமன்னிப்பு கேக்குறாங்க. பேசாம நானும் வீட்டுலயே இருந்துக்கறேன், அங்கிய மட்டும் அனுப்பி வைக்கறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது." அவரிடம் ஜெபத்துக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "மூணே மூணு 'வி'. விசா, வீடு, விவாகம். விடுதலைன்னு நாலாவதா ஒண்ணு இருக்கு. அதக் கேட்டு ஒரு ஆள் வந்ததில்ல."

அவருடைய மகன் வெளிநாட்டில் கணினி வேலையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் மறக்காமல் பேசுவான். சாப்பாடு, சர்க்கரை, முட்டிவலி எல்லாம் விசாரிப்பான். ஆலயம் என்ற பேச்சே எடுக்கமாட்டான். ஒருமுறை பாஸ்டரே வாய்விட்டுக் கேட்டார், அங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று. "துணி துவைக்கறேன்பா" என்றான்.

இப்படி ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவருக்குத் தன்னையும் திட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அது மர அறுவை ஆலை முதலாளியின் அடக்கத்தில் நடந்தது.

முதலாளி சபைக்குப் பெரிய கை. ஆலயத்தின் கூரை அவர் போட்டது. பெஞ்சுகள் அவருடைய ஆலையில் அறுத்த மரம். முன்வரிசையில் அவர் உட்காருமிடத்தில் அவர் வராத நாளிலும் யாரும் உட்காரமாட்டார்கள். பக்கத்தில் அவருடைய மனைவி, மெலிந்த உடம்பு, சத்தமில்லாமல் பாடுவார். அந்த அம்மாவுக்கு இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முன்பு தோள், பிறகொரு முறை தாடை. ஒவ்வொரு முறையும் பாஸ்டர் சபையில், "வழுக்கி விழுந்த நம் சகோதரிக்காக" என்று சொல்லி ஜெபித்தார்.

"அந்த வீட்டுல எல்லாரும்தான் குளிக்கிறாங்க. அவங்களுக்கு மட்டும் எப்படிங்க வழுக்குது?" என்று பாஸ்டரம்மா ஒருநாள் சோறு போடும்போது கேட்டார். "நான் ஆஸ்பத்திரில பாத்த கை அது. விழுந்து உடைஞ்ச கை அப்படி இருக்காது. முறுக்குனாத்தான் அப்படி உடையும்."

பாஸ்டர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "குடும்ப விஷயம்" என்றார்.

முதலாளி மாரடைப்பில் போனார். அடக்கத்தன்று காலையில் பாஸ்டர் அந்த வீட்டுக்குப் போனபோது கூடம் நிறைய ஆட்கள். மூத்த மகன் போனில் யாருக்கோ பூவுக்கு ஏற்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"பாஸ்டர், ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

அழுத முகமாக இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம் போலிருந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு என்னவோ போலிருந்தது.

"இன்னைக்கு அவரப் பத்திப் பேசுவீங்க இல்ல? பேசுங்க. கூரை போட்டாரு, ஏழைங்களுக்குக் குடுத்தாரு, எல்லாம் உண்மைதான், சொல்லுங்க. பிள்ளைங்கள நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு, அதையும் சொல்லுங்க. அன்பான கணவர்னு மட்டும் சொல்லிடாதீங்க பாஸ்டர். அதக் கேட்டுக்கிட்டு என்னால அங்க நிக்க முடியாது."

இத்தனை வருஷத்தில் அந்த அம்மா அவரிடம் வைத்த முதல் விண்ணப்பம் அது.

"சொல்லமாட்டேன்மா" என்றார். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார்.

ஆலயத்தில் நிற்க இடமில்லை. சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் மகன்கள், மருமகள்கள். அந்த அம்மா நாற்காலி வேண்டாமென்று நின்றுகொண்டிருந்தார். மூத்தவன் கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். பாஸ்டர் நன்றாகத்தான் பேசினார். கூரையைச் சொன்னார், கொடையைச் சொன்னார். முடிக்கிற நேரம் வந்தது. அடக்க ஆராதனைகளில் அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் ஒன்று உண்டு. ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும். முதல் பெட்டி கிளம்பிவிட்டால் மற்றவை தானாக இழுபடும்.

"நல்ல தகப்பனாக" என்று தொடங்கினார். மூத்தவன் போனுக்கு மேலாக அவரையே பார்த்துத் தலையை ஆட்டினான். "அன்பான கணவராக, சபையின் தூணாக வாழ்ந்து..."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அந்த அம்மாவைப் பார்த்தார். அவர் பெட்டியையும் பார்க்கவில்லை, பாஸ்டரையும் பார்க்கவில்லை. சுவரில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கையால் கோணல் கையைப் பிடித்திருந்தார். சுற்றியிருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள்.

அன்று மதியம் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "வாய் தவறிடுச்சு" என்றார்.

"தவறல. பழகிடுச்சு. அது வேற, இது வேற" என்றார் பாஸ்டரம்மா. பிறகு சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. தட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் அந்த அம்மா இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். பாஸ்டர் அந்த வாரங்களில் நெருப்பாகப் பிரசங்கித்தார். நவீன உலகம், அதன் பொய், அதன் வேஷம் என்று விளாசினார். கேமராவில் பார்த்தவர்கள் நிறையப் பேர் பாராட்டினார்களாம். பாஸ்டரம்மா இப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை. கணவர் எவ்வளவு நேரம் பேசினாலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்கே நிறுத்துவதென்று பாஸ்டருக்குத்தான் தெரியவில்லை.

அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் கிளம்புவார். தெருமுனையில் வேறு யாராவது நோயாளியின் நினைவு வரும், அங்கே போய்விடுவார். கடைசியில் அவரை அங்கே துரத்தியது சபைச் செயலர் கொண்டுவந்த நல்ல செய்திதான்.

"கல்லறைக் கல்லு ரெடியாகுது பாஸ்டர். மூத்தவரு உங்க பிரசங்கத்த வீடியோவுல திரும்பத் திரும்பக் கேட்டாராம். உங்க வார்த்தையவே கல்லுல வெட்டச் சொல்லிட்டாரு. நல்ல தகப்பன், அன்பான கணவர், சபையின் தூண். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, தங்க எழுத்துல. நீங்கதான் வந்து பிரதிஷ்டை பண்ணணும்."

செயலருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கு நடந்தார்.

அந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"நான் சொல்லணும்னு சொல்லலம்மா" என்று ஆரம்பித்தார் பாஸ்டர்.

"தெரியும்" என்றார் அவர். "அவரும் அப்படித்தான் சொல்லுவாரு. அடிக்கணும்னு அடிக்கலன்னு."

பாஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவரு அடிச்சது இந்த நாலு சுவத்துக்குள்ள பாஸ்டர். ஒருத்தருக்கும் தெரியாது, இல்லாட்டி தெரியாத மாதிரி இருந்தாங்க. அது போதும்னு இருந்துட்டேன். நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. இனிமே நான் யாருகிட்ட என்ன சொன்னாலும் அது பொய்தான்."

"அந்தக் கல்ல மாத்தச் சொல்றேன்மா. பிள்ளைங்ககிட்ட நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

அவர் யோசித்தார். என்னவென்று பேசுவது? இந்த ஒரு வரி வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்பதைச் சொன்னால் கூரை வரும், பெஞ்சு வரும், அவர் ஜெபித்த ஜெபங்கள் வரும். அத்தனையையும் தாண்டி 'அடித்தார்' என்ற அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டிருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு துணியை எடுத்து உதறினார்.

"விடுங்க. அவருக்குப் பக்கத்துல எனக்கும் இடம் விட்டு வச்சிருக்காங்களாம். அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். அங்கயும் போய் அவரு பக்கத்துலயே படுக்கணும்."

"அப்படி நடக்காம நான்..." என்று பாஸ்டர் வாயெடுத்தார்.

"வாக்கு வேணாம் பாஸ்டர்" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில்.

எழுந்து போகத் தெரியாமல், வேறு எதுவும் தெரியாமல், எந்த வீட்டிலும் கடைசியில் கேட்பதைக் கேட்டார். "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்மா."

"பண்ணுங்க. சத்தமா வேணாம்."

கண்ணை மூடினார். குரல் இல்லாமல் ஜெபித்துப் பழக்கமில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை. துணி மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து, எழுந்து வெளியே வந்தார்.

மகன்களிடம் பேசப் போனார். ஆலை அலுவலகத்தில் மூத்தவன் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பாவ உங்கள மாதிரி யாரும் புரிஞ்சுக்கல பாஸ்டர்" என்று கண் கலங்கினான். பாஸ்டர் அவனிடம், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். அதை மனைவியிடம் சொல்லவில்லை. பாஸ்டரம்மாவும் கேட்கவில்லை.

பிரதிஷ்டை நாள் நல்ல வெயில். கல்லறைத் தோட்டத்தில் சபையார் குடை பிடித்து நின்றார்கள். அந்த அம்மா வரவில்லை. தலைவலி என்று மருமகள் சொன்னாள். மூத்தவன் வெள்ளைத் துணியை இழுத்தான். கறுப்புக் கல்லில் தங்க எழுத்துகள் கண்ணைக் கூசவைத்தன. பக்கத்தில், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு, சிமெண்ட் கட்டம் கட்டி மண்ணைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள்.

"நீங்களே படிச்சு ஜெபிச்சிடுங்க பாஸ்டர்" என்றான் மூத்தவன், போனைத் தூக்கிப் பிடித்தபடி.

பாஸ்டர் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பெயரைப் படித்தார். பிறந்த நாளையும் இறந்த நாளையும் படித்தார். "நல்ல தகப்பன்" என்று படித்தார். பிறகு குனிந்து, அடுத்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல்களை விரித்து அழுத்தி வைத்தார். கல் அடுப்பாகக் கொதித்தது.

"அடுத்த வரி, பாஸ்டர்" என்றான் மூத்தவன் மெதுவாக.

பாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற பாஸ்டரம்மா குடையை மடக்கிவிட்டுத் தானும் வெயிலில் நின்றார்.

"வெயில்ல அவருக்குத் தலை சுத்துது போல" என்று செயலர் பதறினார். "யாராவது ஒரு சேர் கொண்டு வாங்கப்பா!"

நாற்காலி வந்தது. பின்னாலேயே போட்டார்கள், தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. கல்லிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.