எதிர்வரிசைப் பந்தி

எங்கள் வீட்டில் வெங்காயம் போட்டுவைக்கும் எவர்சில்வர் வாளியின் விளிம்பில் சின்னம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே ஒரு நசுங்கல். வேலை போன பிறகு, எல்லோரும் வெளியே போய்விட்ட பகல் வேளைகளில் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்த பொருள் அதுதான். அந்த வாளியால்தான் சின்னம்மா தனக்கு வேலை தேடிக்கொண்டார்.

அவர் என் அம்மாவின் தங்கை. கணவரை இழந்தவர். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறியது. பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்ததும் நாங்கள் ஈப்போவில் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தோம். மரம் சீவ மட்டுமே தெரிந்த கைக்கு டவுனில் என்ன வேலை கிடைக்கும் என்று எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து புலம்பியபோது, சின்னம்மா மட்டும் அழைப்பு வந்த கல்யாணம், காதுகுத்து ஒன்றையும் விடவில்லை. போன இடத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே, தான் கொண்டுபோன இந்த வாளியில் ரசத்தை மொண்டு தூக்கிக்கொள்வார்.

சோறு, கறி பரிமாற அவர் போகமாட்டார். சோறு போடுகிறவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்ப்பார்கள். ரசம் வரும்போது சோற்றில் குழி செய்துகொண்டு காத்திருப்பார்கள். சிலர் உள்ளங்கையைக் குவித்து நீட்டுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குப் போதும். “அண்ணே, உங்க கில்லாங்ல ஆள் எடுக்குறாங்களா? எனக்கு வேலை வேணும்” என்று அவர்கள் தொழிற்சாலையில் இடம் கேட்பார். ரகசியமாகச் சொல்லமாட்டார், அடுத்த இலைக்காரருக்கும் கேட்கும்படி சொல்வார்.

ஒரு கல்யாணத்தில் நாங்கள் பெண் வீட்டார். சின்னம்மாவோ வாளியோடு மாப்பிள்ளை வீட்டு வரிசைக்குப் போய்விட்டார். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, பந்தி முடிந்ததும் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி வீட்டு ஆளுங்ககிட்ட போய் பிச்சை கேக்குற மாதிரி இருக்கு லா. மானம் போகுது.”

சின்னம்மா வாளியைக் கீழே வைக்கவில்லை. “நம்ம வரிசையில உக்காந்திருக்க அத்தன பேருக்கும் எனக்கும் ஒரே நாள்லதான் அண்ணே வேலை போச்சு. இவங்களக் கேட்டா இவங்களும் அழுவாங்க. புதுச் சேதி அந்த வரிசையிலதான் இருக்கு. தல குனிஞ்சு ரசம் ஊத்துனேன், நிமிந்து நின்னு வேலை கேட்டேன். இதுல எது பிச்சை?”

அதே வரிசையில் சாப்பிட்ட ஒரு அம்மாள், தான் வேலை செய்த சலவைக் கடையில் அவரைச் சேர்த்துவிட்டார். எனக்கு இப்போது வியப்பாக இருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். வேலை கிடைத்த பிறகும் சின்னம்மா வாளியை விடவில்லை. “லாரி ஓட்டுற தம்பி ஒருத்தன் சும்மா இருக்கான், உங்க முதலாளிகிட்ட சொல்றீங்களா?” என்று அடுத்தவர்களுக்காகக் கேட்க ஆரம்பித்தார். பெரிய மாமாவின் மகனுக்கு வேலை வந்ததும் அந்த வாளியின் வழியாகத்தான். மாமா அதன் பிறகு மானத்தைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு வேலை போன நாள் வேறு மாதிரி. கல்லூரியில் படித்து, கணினியும் கற்று, ஒரே தொழிற்சாலையின் ஸ்டோர் பகுதியில் சூப்பர்வைசர் வரை உயர்ந்தவன் நான். ஒரு காலை அறைக்குள் கூப்பிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள். இன்றும் வீட்டை விட்டு இறங்கும்போது கை தானாக நெஞ்சுக்குப் போய் அட்டையைத் தேடுகிறது. மகள் தஞ்சோங் மாலிமில் படிக்கிறாள். அவள் படிப்பு முடியும் வரையாவது நான் நிற்க வேண்டும். அவளே இணையத்தில் எனக்கு ஒரு பக்கம் திறந்துகொடுத்து, “நெட்வொர்க்க பெருசாக்குங்கப்பா” என்றாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் வேலை கேட்டு எழுதினேன். அத்தனை பேரும் என்னோடு அட்டையைக் கழற்றி வைத்தவர்கள். அவர்களும் எனக்கு அதையே எழுதியிருந்தார்கள். அன்றுதான் வாளியை நன்றாகப் பார்த்தேன்.

தோட்டம் போனாலும் அதன் கோயில் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. இந்த வருடத் திருவிழாவுக்கு வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டு வாளியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். அன்னதானத்தில் ரசம் மொண்டுகொண்டிருந்தபோது மனைவியின் அண்ணன் வந்து கையைப் பிடித்தார்.

“மச்சான், சூப்பர்வைசரா இருந்த ஆளு. நாலு பேர் பாக்குறாங்க லா. நமக்குள்ளேயே சொல்லிப் பாத்துக்கலாம்.”

“நாலு பேர் பாக்கணும்னுதான் மச்சான் தூக்குறேன்.”

பழைய தோட்டத்து முகங்கள் இருந்த வரிசையைக் கடந்து, புது தாமான் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனேன். முதல் இலையில் பூப்போட்ட பாத்தேக் சட்டைக்காரர் ஒருவர் குழி செய்துகொண்டு காத்திருந்தார். கரண்டியை வாளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“அண்ணே, எனக்கு வேலை வேணும். ஸ்டோர் வேலை நல்லாத் தெரியும். எங்கயாவது ஆள் தேவைன்னா சொல்லுங்க.”

“மொதல்ல ரசத்த ஊத்துங்க, சோறு காயுது” என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஊற்றியதும், “ஹுத்தான் மெலிந்தாங்ல என் மச்சினன் மீன் குடோன் வச்சிருக்கான், கேட்டுப் பாக்குறேன். நம்பரக் குடுங்க” என்றார். பக்கத்து இலைக்காரர் தன் மருமகனுக்கும் வேலை போய்விட்டது என்றார். அவருடைய எண்ணை நான் வாங்கிக்கொண்டேன்.

குடோன்காரர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலும் போகலாம். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் வெங்காயம் இன்னும் தரையில் விரித்த பழைய நாளிதழில்தான் கிடக்கிறது. வாளியைக் கழுவி வாசல் பக்கம் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒரு கல்யாணம். நாங்கள் மாப்பிள்ளை வீட்டார். நான் பெண் வீட்டுப் பந்திக்குப் போகிறேன்.