பெல்சி டீச்சரின் பிளாப்பி

உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டால் அதில் கைப்பையை வைத்துவிட்டு, நின்றபடியே குனிந்து கணினியைத் தட்டுவார் பெல்சி டீச்சர். வாசலில் மொபெட்டை அணைக்காமல் விட்டு வருவதும் உண்டு. முன்பு தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். கையேடுகளைப் படித்துத் தானே கற்றுக்கொண்டு, இப்போது காரைக்குடி வட்டாரத்துக் கணினிகளுக்கு வைரஸ் நீக்குகிறார்.

"யாரு பிளாப்பியப் போட்டீக?" என்பதுதான் முதல் கேள்வி. கணினிக்குக் கணினி கோப்புகளைச் சுமந்து போகும் அந்தச் சதுரத் தட்டு, வெளியாருடையது கண்ணில் பட்டால் அது அவர் பைக்குள் போய்விடும். "என்னோடதத் தவிர எதையும் உள்ள விடாதீக" என்பார். பிழைப்பே அந்த ஒரு வாக்கில்தான்.

செக்காலை ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கோட்டைச்சாமிக்குத் தீராத குறை. "செருப்பக் கழட்டச் சொல்லித்தான் எல்லாரையும் உள்ள விடுறேன். பொறவும் வருதே டீச்சர்!"

"செருப்போட வரட்டும்ணே. பிளாப்பியோட விடாதீக."

போன வாரம் ஒரு நாள் காலையில் டீச்சர் அவருடைய கணினியைச் சோதித்து, சுத்தம் என்று சொல்லிப் போனார். மதியம் ஒரு பத்திரிகைகூடத் திறக்கவில்லை. டீச்சர் ஓடிவந்து, பையிலிருந்த இன்னொரு பிளாப்பியால் சோதித்தார். வைரஸ்.

"யாரு போட்டது?"

"ஒங்களோடதத் தவிர ஒரு ஈ எறும்பு உள்ள போகலை டீச்சர்."

காலையில் போட்ட தன் பிளாப்பியைச் சோதித்தார். அதிலும் அதே வைரஸ். பிளாப்பியின் மூலையில் இருக்கும் சிறு பூட்டைத் தள்ளிவிட்டால் அதில் எதுவும் ஏறாது. முந்தின நாள் மதுரையில் புது வைரஸ்களின் விவரத்தை ஏற்ற அந்தப் பூட்டைத் திறந்தவர், பஸ் பிடிக்கும் அவசரத்தில் மூட மறந்திருந்தார். அதே பிளாப்பி அன்று காலையிலேயே தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கும், ஆத்தங்குடிக் கல் வியாபாரி ஒருவரிடமும் போய் வந்திருக்கிறது.

கோட்டைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "அங்குட்டும் போயி, சும்மா பாக்க வந்தேன்னு அழிச்சிட்டு வந்துருங்க. ஆருக்குத் தெரியப்போவுது?"

"நான் போறதுக்குள்ள அவுக ஊருக்கே குடுத்துருவாகளே."

டீச்சர் போனை இழுத்து, தேவகோட்டைப் பள்ளிக்குப் பேசினார். "நாச்சியாரா? பெல்சி பேசுறேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர ஒடனே அமத்து. யாரும் ஒண்ணும் பண்ணலம்மா. என் பிளாப்பியிலதான் வந்துருச்சு."

"நீங்களா டீச்சர்?" என்று மறுமுனையில் நாச்சியார் சிரித்தது கோட்டைச்சாமிக்கும் கேட்டது.

டீச்சர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. ஒரு விரலால் கொக்கியை அழுத்தி விட்டு, ஆத்தங்குடி எண்ணைச் சுழற்றத் தொடங்கினார்.