செருப்புக் கடைச் சுவரில் நாலு திருகு

ஹெட்லி கிராஸ்க்கின் சமையலறையில் தேநீர்க் கெண்டி ஒரு பழைய தரை ஓட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். உள்ளங்கை அகலம், காவி நிறம், மேலே பூனை முகத்தோடு ஒரு சிங்கம். வியாழக்கிழமைகளில் மட்டும் அந்த ஓடு காணாமல் போய்விடும். தினமும் காலையில் வந்து அவரைக் குளிப்பாட்டி, வீங்கிய கால்களில் இறுக்கமான காலுறை மாட்டிவிடும் பெரில், இதை இரண்டாவது வாரமே கவனித்துவிட்டாள். ஆனால் கேட்கவில்லை.

வியாழக்கிழமை வருபவர் மிஸ் குவாண்ட்ரில். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். ஹெட்லியின் மனைவி மேவிஸ் இறந்தபின் தவறாமல் அவரைப் பார்க்க வருகிற ஒரே ஆள்.

ஹெட்லி பதினைந்து வயதில் மண்வெட்டி பிடித்தவர். பிறகு ஜேசிபி. அவர் தோண்டாத தெரு ஊரில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால், சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பார். சுவரில் திருகு முடுக்கினால் எல்லாத் திருகுத் தலைகளிலும் உள்ள வெட்டு நேர்செங்குத்தாக நிற்கவேண்டும் அவருக்கு. நல்ல வேலைக்காரர் என்றுதான் ஊரே சொல்லும்.

1971இல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கார் கொட்டகைகளுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, ஜேசிபி வாளியின் பல்லில் கல் சிக்கியது. கட்டடச் சுவரின் அடி. அதையொட்டி ஓடு பதித்த தரை. ஊரில் ஒரு காலத்தில் கல்லூரி இருந்தது, மன்னர் உத்தரவில் அறுநூறு வருஷக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தக் காலத்து வேலையிடங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பழைய கல் தென்பட்டால் பத்து மணித் தேநீருக்குள் மூடிவிட வேண்டும். அருங்காட்சியகத்துக்காரர்கள் காதில் விழுந்தால் வேலை நிற்கும், ஆட்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மேஸ்திரி கான்கிரீட் லாரியைக் கைகாட்டி அழைத்தார். ஹெட்லி ஒரே ஒரு ஓட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் சங்கம் அந்தக் கல்லூரிக்காக ஒரு பித்தளைப் பலகை செய்தது. மிஸ் குவாண்ட்ரில் நேராக அவரிடம்தான் வந்து கேட்டார்.

"நீங்க தோண்டாத இடமே இல்லையே ஹெட்லி. எங்கயாவது பழைய கல்லு கண்ணுல பட்டுச்சா?"

"இல்லைங்க டீச்சர்."

சரி என்று அவர் கடைத்தெரு மூலையை உத்தேசமாக முடிவுசெய்தார். 'கல்லூரி நின்ற இடம்' என்ற பலகையைச் செருப்புக் கடைச் சுவரில் ஹெட்லியே துளை போட்டு மாட்டினார். நாலு திருகு. நாலு வெட்டும் நேராக.

போன வியாழக்கிழமை மிஸ் குவாண்ட்ரில் ஒரு கையெழுத்துப் பிரதியோடு வந்தார். கல்லூரியைப் பற்றிய சிறு புத்தகம், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

"முதல் பக்கத்துலயே உங்களுக்குத்தான் நன்றி. ஊரையே தோண்டுன மனுஷன் சொன்னதை வச்சுத்தான் மத்த இடத்தையெல்லாம் ஒதுக்குனேன்னு எழுதியிருக்கேன்."

ஹெட்லி கேக் தட்டைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை பெரில் காலுறை எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். சிங்கம் அவளைப் பார்த்தது.

"இவரு இங்கதான் வியாழக்கிழமை லீவுல வர்றாரா? யாருக்குப் பயந்து, கண்ணு?"

ஹெட்லி ஈரக் காலோடு உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பெரில் விரலிடுக்குகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் காலுறை மாட்டுறவ. போன் எங்க?"

"சொன்னா அவங்க இனிமே வரமாட்டாங்க, பெரில்."

"வராம போகலாம். புத்தகம் திங்கக்கிழமை அச்சுக்குப் போயிரும்ல?"

போனில் விஷயத்தைக் கேட்டு, சனிக்கிழமை மிஸ் குவாண்ட்ரில் வந்தார். மேஜைமேல் இருந்த ஓட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். கத்தவில்லை. "எங்க?" என்று மட்டும் கேட்டார்.

நடக்கப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஹெட்லி கார் கொட்டகைகள் வரை அழைத்துப் போனார். மூன்றாவது கதவின்முன் நின்றார்.

"எவ்வளவு இருந்துச்சு?"

"தரை முழுசா இருந்துச்சு. வாசப்படி ஒண்ணு, கால் பட்டுப் பட்டு நடுவுல குழிஞ்சு கிடந்துச்சு. அதைத்தான் முதல்ல உடைச்சேன்."

"ஏன் அதை முதல்ல?"

"யாரு பாத்தாலும் அது என்னன்னு தெரிஞ்சிருக்கும், டீச்சர்."

மிஸ் குவாண்ட்ரில் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"பதினோரு வருஷமா உங்க வீட்டுல டீ குடிச்சிருக்கேன்." பிறகு, "பலகையைக் கழட்டணும். நீங்க மாட்டினது. நீங்களே கழட்டுங்க" என்றார்.

அன்று சந்தை நாள். கடைத்தெருவில் நல்ல கூட்டம். ஹெட்லியின் தோள் உயரவில்லை. பெரில் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். முதல் திருகு லேசில் அசையவில்லை. அவ்வளவு நன்றாக முடுக்கியிருந்தார். மீன் கடைக்காரன் சும்மா இருப்பானா?

"என்ன ஹெட்லி, வயசான காலத்துல பித்தளை திருடுறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தப்பான இடத்துல மாட்டிட்டேன்ப்பா" என்றார்.

மிஸ் குவாண்ட்ரில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்லி திருப்புளியைக் கீழே இறக்கினார். முகம் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

"தெரிஞ்சேதான் மாட்டினேன்" என்றார், மீன் கடைக்காரனுக்குக் கேட்கிற அளவுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. பெரில் கைநீட்டி, கழன்று வந்த முதல் திருகை வாங்கிக்கொண்டாள். இன்னும் மூன்று இருந்தன.